எரியுமா, கறுக்குமா? ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல்: ஒரு நிகழ்வு ஆய்வு

நடந்தது

1970களின் நடுவில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ் நோய் வந்த சிலருக்குத் தோல் வெந்துபோனது. தீ விபத்து எதுவும் இல்லை. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த தேர்ந்த மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்த ஒளியில்தான் வெந்தது. தோல் வகை 1, வகை 2 என்று வகை 6 வரை போகும் பட்டியலைச் சன்ஸ்கிரீன் விளம்பரத்திலும் லேசர் கிளினிக் படிவத்திலும் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர்தான் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல். அது பிறந்தது இந்த வேக்காட்டிலிருந்துதான்.

சிகிச்சையின் பெயர் பூவா. சோரலென் என்ற மருந்தையும், யூவி-ஏ என்ற நீண்ட அலைப் புற ஊதாக் கதிரையும் சேர்த்துச் சொல்லும் சுருக்கப்பெயர். ஜான் பாரிஷ், தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக், அவர்களோடு வேலை பார்த்த இந்திய வம்சாவளி ஆய்வாளர் மது பாதக் முதலானோர் 1974-ல் இதைப் பற்றி எழுதினார்கள். நோயாளி மெத்தாக்ஸலென் என்ற சோரலென் வகை மாத்திரையை விழுங்குவார். இரண்டு மணி நேரம் கழித்து, சுற்றிலும் ஆளுயரக் குழல்விளக்கு பொருத்திய பெட்டிக்குள் போய் நிற்பார். மருந்து தோல் செல்லுக்குள் புகுந்து டி.என்.ஏ. இழைகளுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருக்கும். யூவி-ஏ பட்டதும் இரண்டு இழைகளையும் இழுத்துப் பூட்டிவிடும். கட்டுக்கடங்காமல் பெருகிக்கொண்டிருக்கும் சொரியாசிஸ் செல்கள் அதோடு அடங்கும். ஒளி கொஞ்சம் கூடினால் பக்கத்தில் இருக்கும் நல்ல தோலும் வேகும்.

ஆகவே, முதல் நாள் எவ்வளவு ஒளி கொடுப்பது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி. அவர்கள் ஆளைப் பார்த்து முடிவெடுத்தார்கள். நோயாளிகள் வெள்ளைக்காரர்கள். பொன்னிற முடியும் நீலக் கண்ணும் இருந்தால் தோல் மென்மையானது, குறைவாகக் கொடு. கருத்த முடியும் பழுப்புக் கண்ணும் இருந்தால் தாங்கும், கூடக் கொடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உடல் எடை கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் மருந்து, பிறகு சதுர சென்டிமீட்டருக்கு 4 முதல் 6 ஜூல் யூவி-ஏ. 'தாங்கும்' என்று எடைபோட்ட சிலருக்குத்தான் கடுமையாக வெந்தது.

முடியும் கண்ணும் ஒன்று சொல்லியிருக்கின்றன, தோல் வேறொன்று செய்திருக்கிறது. ஃபிட்ஸ்பாட்ரிக் அதற்குப் பிறகு எடுத்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். புதிய கருவி எதையும் தேடாமல் நோயாளியிடமே கேட்டார். வெயிற்காலத் தொடக்கத்தில், முதல் தடவையாக நடுப்பகல் வெயிலில் முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை இருந்தால், 24 மணி நேரம் கழித்துத் தோல் எவ்வளவு வலிக்கும்? ஒரு வாரம் கழித்து எவ்வளவு கறுத்திருக்கும்?

வலிக்கும், கறுக்கவே கறுக்காது என்றால் வகை 1. வலிக்கும், லேசாகக் கறுக்கும் என்றால் வகை 2. தொட்டால் கொஞ்சம் நோகும், ஓரளவு கறுக்கும் என்றால் வகை 3. வலியே இல்லை, நன்றாகக் கறுக்கும் என்றால் வகை 4. 1975-ல் அளவுகோல் இவ்வளவுதான். நான்கே வகை, எல்லாம் வெள்ளைத் தோலுக்கு. நிறத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. வெயில் பட்டால் உன் தோல் என்ன செய்யும் என்ற கேள்வி மட்டும்தான்.

பழுப்புத் தோலுக்கு 5, கறுப்புத் தோலுக்கு 6 என்ற எண்கள் பின்னால் வந்து சேர்ந்தவை. 1988-ல் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதிய குறிப்பில் ஆறு வகைகளும் இருக்கின்றன. முதல் நான்கு எண்களும் ஒரு பதிலிலிருந்து வந்தவை, கடைசி இரண்டும் ஒரு பார்வையிலிருந்து வந்தவை. கண்ணை நம்பியதால் வந்த தவறைத் திருத்தப் பிறந்த அளவுகோல், நம்மைப் போன்றவர்களின் விஷயத்தில் மட்டும் திரும்பவும் கண்ணிடமே போய் நின்றது. இந்த ஆய்வில் நான் சொல்ல வந்தது இதைத்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒளிச்சிகிச்சை அறையில் வேலை பார்க்கிறேன். நான் முதலில் சேர்ந்த கிளினிக்கில் நோயாளியின் படிவத்தில் 'தோல் வகை' என்று ஒரு கட்டம் இருந்தது. வரவேற்பில் இருப்பவர் முகத்தைப் பார்த்து 5 என்று எழுதிவிடுவார். மாநிறம் என்றால் 4. சேர்ந்த புதிதில் நானும் அப்படியே எழுதினேன். தவறு என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் உறைக்கவில்லை.

கார்போகரிசியும் ஆச்சியின் கணுக்காலும்

இந்தக் கதைக்கு நம் பக்கத்திலும் ஒரு வேர் இருக்கிறது. பூவாவில் உள்ள சோரலென், பெயரையே ஒரு செடியிடமிருந்து வாங்கியது. சோரலியா கோரிலிஃபோலியா என்பது அந்தச் செடிக்குத் தாவரவியலாளர்கள் வைத்த பெயர். அதன் விதை நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி என்று கிடைக்கும். சித்த மருத்துவத்தில் வெண்புள்ளிக்குக் காலம்காலமாகப் புழங்கி வரும் சரக்கு. 1933-ல் இந்திய வேதியியலாளர்கள் இந்த விதையை ஆராய்ந்து சோரலெனைப் பிரித்தெடுத்தார்கள். எகிப்தில் நைல் கரையில் வளரும் அம்மி மஜுஸ் என்ற வேறொரு செடிக்கும் இதே கதை. கெய்ரோவில் அப்தல் மொனெம் எல் மொஃப்தி 1940களின் கடைசியில் அதிலிருந்து எடுத்த பொருளை வெண்புள்ளி நோயாளிகளுக்குக் கொடுத்தார். அதே பொருள்தான் பிறகு பாஸ்டனில் மாத்திரையானது.

என் ஆச்சிக்கு இடது கணுக்காலில் வெண்புள்ளி இருந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். யாரோ சொன்னார்கள் என்று கார்போகரிசியை ஊறவைத்து, அரைத்துப் பூசிக்கொண்டு, முற்றத்தில் வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் லேசான எரிச்சல். மூன்றாம் நாள் கணுக்கால் முழுக்கக் கொப்புளம். ஆச்சி அதைக் கார்போகரிசியோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை. "முந்தாநாளு கருவாடு தின்னேம்லா, அதான் சேரல" என்றாள். கொப்புளம் உடைந்து ஆற ஒரு மாதமானது. ஆறியதும் திரும்பவும் பூசினாள்.

பல வருடம் கழித்து இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. வெறும் வெயிலில் வேகிற தோல் ஒரே நாளுக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். சோரலெனும் ஒளியும் சேர்ந்து வேகவைத்தால் 48 முதல் 72 மணி நேரத்தில்தான் உச்சம் வரும். மூன்றாம் நாள் வந்த கொப்புளத்துக்கு முதல் நாள் வெயில் காரணம் என்று ஆச்சிக்கு எப்படித் தோன்றும்? அந்தப் புள்ளியில் நிறமிச் செல்லும் இல்லை. உடம்பெல்லாம் வகை 5 ஆக இருந்தவளுக்கு, உள்ளங்கை அகலம் மட்டும் வகை 1-ஐ விட மோசம். ஒரே காலில் இரண்டு தோல். ஒரு ஆளுக்கு ஒரு எண் என்று எழுதும் படிவத்தில் இதற்கு இடமே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகம் கறுத்துவிட்டால் எலுமிச்சைச் சாற்றைத் தடவு என்ற வைத்தியம் வீட்டுக்கு வீடு உண்டு. நம் எலுமிச்சையில், முக்கியமாக அதன் தோலில், சோரலெனின் உறவுக்காரப் பொருட்கள் இருக்கின்றன. தடவிக்கொண்டு வெயிலில் போனால், ஆச்சிக்கு நடந்த அதே வேதியியல் சின்ன அளவில் நடக்கும். கறுப்பைப் போக்கத் தடவியது, சாறு வழிந்த தடத்திலேயே இன்னும் கறுப்பாகக் கோடு போட்டுவிட்டுப் போகும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

வெயில் பட்டால் உள்ளே நடப்பது

கறுத்தவருக்கும் சிவந்தவருக்கும் நிறமி உண்டாக்கும் மெலனோசைட் செல்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது. வேலை நடக்கும் விதத்தில்தான் வித்தியாசம். ஒரு மெலனோசைட் தன்னைச் சுற்றியுள்ள 30-க்கும் மேற்பட்ட தோல் செல்களுக்கு நிறமிப் பொட்டலங்களை விநியோகிக்கிறது. கருத்த தோலில் பொட்டலம் பெரியது, தனித்தனியாகப் பரவி நிற்கும், சீக்கிரம் சிதையாது. வெளிர்ந்த தோலில் சிறியது, கொத்தாகக் கட்டிக் கிடக்கும், மேலே வருவதற்குள் சிதைந்துவிடும். பொட்டலங்கள் செல்லின் கருவுக்கு மேலே போய்க் குவிந்து நிற்பதை நுண்ணோக்கியில் பார்த்தால், டி.என்.ஏ.வுக்குக் குடை பிடிப்பது போலவே இருக்கும்.

நிறமியிலும் இரண்டு ரகம். கறுப்பும் பழுப்புமான யூமெலனின் கதிரை நன்றாகத் தாங்கும். செம்மஞ்சளான ஃபியோமெலனின் தாங்காது. எம்.சி.1.ஆர். என்ற மரபணுவில் சில மாற்றங்கள் இருந்தால் உடம்பு இரண்டாவது ரகத்தையே செய்துகொண்டிருக்கும். அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கம் அதிகம் காணும் செம்பட்டை முடிக்காரர்கள் எத்தனை நாள் வெயிலில் கிடந்தாலும் சிவப்பார்களே தவிரக் கறுக்க மாட்டார்கள். வகை 1 என்பது இவர்களைத்தான்.

கறுப்பது என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது இரண்டு வேறு நிகழ்ச்சிகள். வெளியே போய் வந்த சில நிமிடங்களில் முகம் சாம்பல் பூத்தது மாதிரி ஆவது ஒன்று. யூவி-ஏ ஏற்கெனவே இருக்கும் நிறமியை ஆக்சிஜனேற்றம் செய்வதால் வருவது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் போய்விடும். இதில் புதிய நிறமி இல்லாததால் பாதுகாப்பும் இல்லை. இரண்டாவது, மூன்று முதல் ஐந்து நாள் கழித்து மெதுவாக ஏறும் கறுப்பு. யூவி-ஏவை விடக் குறுகிய அலையுள்ள யூவி-பி என்ற புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வை உடைக்கிறது. உடைந்ததைப் பார்த்த தோல் செல், பி-53 என்ற புரதத்தின் வழியாக மெலனோசைட்டுக்குச் சேதி அனுப்புகிறது. அதற்குப் பிறகுதான் புதிய நிறமி வருகிறது. அடி விழுந்த பிறகு பிடிக்கும் குடை அது.

இதை மேல்நாட்டில் ஒரு தலைமுறை அழகு என்று நினைத்தது. கடற்கரையில் கிடந்தார்கள், விளக்குப் படுக்கையில் காசு கொடுத்துப் படுத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2009-ல் அந்தப் படுக்கைகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்தது. அதே ஆண்டில் பிரேசில் அழகுக்காக அவற்றைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. பூவா சிகிச்சை எடுத்துக்கொண்ட 1,380 அமெரிக்க நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களுக்குச் செதிள்செல் புற்றுநோய் என்ற ஒரு வகைத் தோல் புற்றுநோய் கூடியிருந்தது தெரிந்தது. சிகிச்சையின் தவணை கூடக் கூட ஆபத்தும் கூடியது. 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள குறும்பட்டை யூவி-பி விளக்குகள் இன்று பூவாவின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. என் அறையிலும் அவைதான் அதிகம்.

நம் தோலுக்கு எவ்வளவு காப்பு? 1979-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெள்ளையரின் மேல்தோல் வழியாக யூவி-பி சுமார் 24 சதவீதம் உள்ளே போனது, கறுப்பினத்தவரின் மேல்தோல் வழியாகச் சுமார் 7 சதவீதம். சன்ஸ்கிரீன் டப்பாவில் போடும் எஸ்.பி.எஃப். கணக்கில் சொன்னால் முதலாவது 3, இரண்டாவது 13. நாம் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே வருவோம். பெரிய காப்புதான். தோல் புற்றுநோய் நம்மிடம் அரிதாக இருப்பதற்கு முக்கியக் காரணமும் அதுவே. ஆனால் மெலனோசைட்டில் தொடங்கும் தோல் புற்றுநோயான மெலனோமாவின் ஒரு வகை உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயிலே படாத இடத்தில் வரும். அதற்குத் தோல் நிறம் காப்பு ஆகாது. பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் பெருவிரலில் கண்டுபிடித்தது அந்த வகைதான். 1981-ல், 36 வயதில் இறந்தார். உள்ளங்காலில் பரவும் கறுப்புப் புள்ளியையோ, நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கருங்கோட்டையோ பார்த்தால் செருப்புக் கடித்தது, கதவில் நசுங்கியது என்று விட்டுவிடாமல் காட்டிவிடுங்கள்.

நம் தோலின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. சின்னக் கொசுக்கடி, பரு, சூடு, உரசல் எதுவானாலும் ஆறிய பிறகு கறை நிற்கும். மெலனோசைட்டுகள் சுறுசுறுப்பானவை, எதற்கெடுத்தாலும் நிறமியைக் கொட்டிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம்கூடப் போதும். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் வகை 4 முதல் 6 வரை உள்ளவர்களின் தோல் அந்த ஒளியில் கறுத்து, கறுத்தது நிலைத்தும் நின்றது. வகை 2 உள்ளவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கன்னத்தில் மங்கு விழுந்த பெண்கள், "சன்ஸ்கிரீன் விடாமல் போடுகிறேன், போகமாட்டேன் என்கிறதே" என்று வருத்தப்படுவதற்கு இது ஒரு காரணம். சாதாரண சன்ஸ்கிரீன் புற ஊதாவைத் தடுக்கும், நீல வெளிச்சத்தை அவ்வளவாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறமுள்ள சன்ஸ்கிரீன்தான் அதையும் தடுக்கும். வெள்ளைத் தோலுக்காக எழுதிய அறிவுரையை அப்படியே மொழிபெயர்த்துப் போட்டால் விட்டுப்போவது இந்த மாதிரி விஷயங்கள்.

கேள்வி தமிழுக்கு வந்தபோது

படிவத்தில் பார்வையால் எண் போடுவதை விட்டுவிட்டு, ஃபிட்ஸ்பாட்ரிக் கேட்ட கேள்விகளையே கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு கட்டத்தில் முடிவு செய்தேன். முதல் வாரமே திகைத்துப் போனேன். 'சன்பர்ன்' என்பதற்கு நம் வீட்டில் புழங்கும் சொல் கிடையாது. வியர்க்குரு உண்டு, வேனல்கட்டி உண்டு, வெக்கை உண்டு, வெயில்ல கறுத்துட்டே உண்டு. வெயில் பட்ட இடம் மறுநாள் சிவந்து வலிப்பதற்கு ஒரு பெயர் இல்லை. பெயர் இல்லாததை எப்படி விசாரிப்பது?

"வெயில்ல போனா எரியுமா?" என்று கேட்டால் எல்லோரும் எரியும் என்பார்கள். அவர்கள் சொல்வது அந்த நேரத்துச் சூட்டை. "அடுத்த நாள்?" என்றால் இல்லை என்பார்கள். சரி, அப்படியானால் வகை 5 தானே என்று எழுதிவிடலாம். ஆனால் வெயில் பட்ட பழுப்புத் தோலில் சிவப்பு மேலே தெரியாது. தொட்டால் கதகதப்பாக இருக்கும், இறுக்கமாக இருக்கும், அரிக்கும், ஒரு வாரத்தில் பொடிப்பொடியாக உரியும். செம்மொழிப் பூங்கா, மெரினா என்று நாள் முழுக்கச் சுற்றிய ஒரு கல்லூரி மாணவி, வெயிலில் தனக்கு ஒன்றுமே ஆகாது என்று அழுத்தமாகச் சொன்னாள். மூக்குத் தண்டு உரியுமா என்று கேட்டேன். "ஆமா, எப்பவும் உரியும். அது டிரை ஸ்கின் இல்லையா?" என்றாள். அவளுக்கு வெந்திருக்கிறது. வெந்தது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

'எவ்வளவு கறுக்கும்' என்ற கேள்விக்கு வேறு சிக்கல். வெள்ளைக்காரர் அதைப் பெருமையாகச் சொல்வார். இங்கே அது ஒரு குற்றச்சாட்டு மாதிரி விழுகிறது. கல்யாணத்துக்குப் பார்க்கும் பெண் என்றால் அம்மா முந்திக்கொண்டு, "இது இவ நிறமே இல்லைங்க, வெயில்ல அலைஞ்சு இப்படி ஆயிடுச்சு" என்பார். மருத்துவக் கேள்வியாகக் கேட்டது அந்தப் பெண்ணின் முகத்தில் அறைகிறது. அந்த இடத்தில் நான் ரொம்ப நாள் தடுமாறினேன். இப்போது அந்தச் சொல்லையே எடுப்பதில்லை. மேற்கையின் உட்பக்கத்தையும் முன்னங்கையின் வெளிப்பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். உட்பக்கம் பிறவி நிறம். வெளிப்பக்கம் வெயில் எழுதியது. இரண்டுக்கும் உள்ள தூரம்தான் எனக்குத் தேவையான பதில். வாட்ச் பட்டையின் கீழே, செருப்பு வாரின் கீழே தெரியும் கோடும் உதவும். நடவு வேலைக்குப் போகும் ஒரு அம்மாவுக்கு இந்தத் தூரம் அவ்வளவு பெரியது, இரண்டும் ஒரே ஆளின் கை என்று நம்ப முடியாது. தன் மேற்கையின் உட்பக்கத்தை அவர் அப்போதுதான் உற்றுப் பார்த்தார் போலிருந்தது.

பக்கத்துத் தெரு பார்லரில் 'டீ-டேன்' ஃபேஷியல் செய்துகொண்டுதான் பலர் எங்களிடம் வருகிறார்கள். மேல்தோல் சுமார் நான்கு வாரத்தில் தானாகவே உதிர்ந்து புதிதாகும். நிழலில் இருந்தால் கறுப்பு தானாகவே இறங்கத் தொடங்கும். அதைவிட எனக்குக் கவலை, சிவப்பழகுக்கு என்று மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கிரீம்கள். தோல் மெலிந்து, கொஞ்சம் வெயில் பட்டாலே முகம் தீயாக எரிகிறது என்று வருகிறார்கள். பிறவியில் வகை 5 ஆக இருந்தவர் எதிர்வினையில் வகை 2 மாதிரி ஆகிவிடுகிறார். எண் மாறாது, தோல் மாறிவிடும்.

எண் நிறமான கதை

2015-ல், கணினி எழுத்துகளுக்கான உலகத் தரமான யூனிகோடின் 8.0 பதிப்பு வந்தபோது ஈமோஜிகளுக்குத் தோல் நிறம் மாற்றும் வசதி வந்தது. நீங்கள் கட்டைவிரல் ஈமோஜியை அழுத்திப் பிடித்தால் வரும் ஐந்து நிறங்களும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல்தான், 1-ஐயும் 2-ஐயும் ஒன்றாக்கி. 2018-ல் கணினி ஆய்வாளர்கள் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் முக அடையாள மென்பொருள்களைச் சோதித்தபோதும் இந்த அளவுகோலையே எடுத்துக்கொண்டார்கள். கருத்த பெண்களின் பாலினத்தைக் கணிப்பதில் பிழை 34.7 சதவீதம் வரை போனது. வெளிர்ந்த ஆண்களிடம் அதிகபட்சமே 0.8 சதவீதம். மிக நல்ல வேலை அது. ஆனாலும் முகப் படத்தைப் பார்த்து, அதற்கு வெயிலில் வலிக்குமா என்று சொல்ல முடியாதல்லவா. அங்கே எண் முழுக்க முழுக்க நிறமாகிவிட்டது. 2022-ல் கூகுள் வெளியிட்ட மங்க் அளவுகோல் பத்து நிறங்களைக் கொண்டது. சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கியது. நிறத்துக்கு என்று தனியாக ஓர் அளவுகோல் வந்தது நல்லதுதான், ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலின் தலையில் இருந்து ஒரு சுமை இறங்கும்.

ஈமோஜியில் நிறம் மாறிப்போனால் யாருக்கும் கொப்புளம் வராது. லேசர் மேசையில் வரும்.

என் சித்தி மகள் கை முடியை நீக்க லேசர் எடுத்துக்கொண்டாள். இடத்தின் பெயர் வேண்டாம். படிவத்தில் அவளுக்கு வகை 4 என்று எழுதியிருந்தது, அவள் தோலுக்கு அது சரிதான். ஆனால் அதற்கு முந்தைய மூன்று வாரமும் வண்டி ஓட்டப் பழகுகிறேன் என்று மே மாத வெயிலில் அரைக்கைச் சட்டையோடு சுற்றியிருந்தாள். லேசர் நிறமியைத் தேடிப் போய்ச் சுடும் கருவி. முடியின் வேரில் உள்ள நிறமி எது, தோலில் உள்ளது எது என்று அதற்குத் தெரியாது. பெப்ரவரியில் போட்ட அதே அளவை ஜூனில் போட்டார்கள். மறுநாள் முன்னங்கையில் வரி வரியாகக் கறுப்புப் பொருக்கு. எட்டு மாதம் முழுக்கைச் சுடிதார்தான் போட்டாள். வகை பிறவியோடு வருவது, கறுப்பு பருவத்தோடு வருவது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டிருந்தால் அன்றைக்கு ஒரு மாதம் தள்ளிப் போட்டிருப்பார்கள். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் ஆழமாகப் போகும், மேல்தோல் நிறமியால் குறைவாக உறிஞ்சப்படும். நம் தோலுக்கு அதுவே பொதுவாகப் பாதுகாப்பானது. எந்த லேசர், எத்தனை நானோமீட்டர், முதலில் ஓரிடத்தில் சோதித்துப் பார்ப்பீர்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் கையை நீட்டாதீர்கள்.

இப்போது எங்கள் அறையில்

எண்ணை நாங்கள் இன்னும் எழுதுகிறோம், மருத்துவர்களுக்குள் பேசிக்கொள்ள அது வேண்டியிருக்கிறது. அதற்குக் கீழே கையால் சில வரிகள் எழுதுகிறேன். மூக்கு, தோள், பின்கழுத்து உரிந்ததுண்டா. புளியமரத்து நிழலில் வேலையா, வெட்டவெளியிலா, ஏசி அறையிலா. கடைசி ஒரு மாதம் எங்கே இருந்தீர்கள். பரு ஆறினால் கறை எத்தனை நாள் நிற்கும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். பருவுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு இரண்டுமே வெயில் தாங்கும் சக்தியைக் குறைக்கக்கூடியவை. நலங்கு மாவு, மூலிகைத் தைலம் ஏதாவது பூசுகிறீர்களா என்றும் கேட்கிறேன், கார்போகரிசியை மனதில் வைத்து.

பூவா எடுக்க வருபவர்களுக்கு முடிந்தபோதெல்லாம் சோதனையும் செய்துவிடுகிறோம். முதுகிலோ முன்னங்கையிலோ சின்னச் சின்னச் சதுரங்களைத் திறந்துவிட்டு மற்ற இடத்தை மூடி, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒவ்வொரு அளவு ஒளி. மருந்து உள்ளே இருக்கும்போது கொடுத்து, 72 மணி நேரம் கழித்து எந்தச் சதுரம் முதலில் மாறியிருக்கிறது என்று பார்ப்போம். பழுப்புத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, ஆகவே விரலால் தொட்டு, சூடு இருக்கிறதா, நோகிறதா என்று கேட்டு, நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்போம். முதல் நாள் எவ்வளவு ஒளி என்பதை அந்தச் சதுரம்தான் முடிவு செய்யும்.

மூன்றாம் நாள் வரச் சொல்லி அனுப்பினாலும் சிலர் மறுநாளே வந்து கையை நீட்டுவார்கள். "ஒண்ணுமே வரலையேம்மா, எனக்கு இதெல்லாம் ஒத்துக்கும்" என்பார்கள். இன்னும் இரண்டு நாள் கழித்து வாங்க, அதுவரை வெயிலில் போகாதீர்கள் என்று கையை மூடி அனுப்பிவைப்பேன்.